மனுக்காலம் முடிந்த மான்செஸ்டர்

1945 அக்டோபர் 15, திங்கட்கிழமை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், சோர்ல்டன்-ஆன்-மெட்லாக் நகர மண்டபத்தில், உலகெங்கும் உள்ள ஆப்பிரிக்க வம்சத்தினரை ஒன்றிணைக்க முயன்ற பான் ஆப்பிரிக்க மாநாடு ஐந்தாவது முறையாகக் கூடியது. ஜப்பான் சரணடைந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மண்டபத்துக்குள் மூன்று நாட்டுக் கொடிகளைக் கட்டியிருந்தார்கள்: ஹெய்ட்டி, லைபீரியா, எத்தியோப்பியா. கறுப்பின மக்களுக்குத் தங்கள் அரசு என்று காட்ட அன்றைக்கு இருந்தவை அந்த மூன்றுதான். மற்றவர்களில் பெரும்பாலோர் ஏதாவதொரு ஐரோப்பியப் பேரரசின் குடிமக்களாகவோ, அமெரிக்காவில் இரண்டாந்தரக் குடிமக்களாகவோ இருந்தார்கள்.

அந்த மூன்று கொடிகளும் சும்மா கிடைத்தவை அல்ல. ஹெய்ட்டியில் 1791-ல் கரும்புத் தோட்ட அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். பதின்மூன்று ஆண்டுகள் போராடி, நெப்போலியன் அனுப்பிய படையையும் விரட்டிவிட்டு, 1804 ஜனவரி 1 அன்று விடுதலையை அறிவித்தார்கள். அதற்கு அவர்கள் விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தி, தோட்டங்களையும் அடிமைகளையும் இழந்த முதலாளிகளுக்காக 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டது. பிறகு அது 9 கோடியாகக் குறைந்தது. ஆனால் அதைக் கட்டுவதற்காக வாங்கிய கடன், கடனை அடைக்க வாங்கிய கடன் என்று அந்தச் சுமை 1947 வரை இழுத்தது. மான்செஸ்டரில் கொடி கட்டிய நாளிலும் ஹெய்ட்டி மக்கள் தங்கள் பாட்டன்மார் அடிமையாக இல்லாமல் போனதற்கான பணத்தைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

லைபீரியா அமெரிக்காவிலிருந்து திரும்பிய கறுப்பினத்தவர் 1847-ல் அமைத்த குடியரசு. அங்கே திரும்பி வந்தவர்கள் மண்ணின் மக்களை ஆண்டார்கள் என்ற குறை உண்டு. எத்தியோப்பியா 1896-ல் அத்வா போர்க்களத்தில் இத்தாலியைத் தோற்கடித்துத் தன் சுதந்திரத்தைக் காத்துக்கொண்டது. நாற்பது ஆண்டு கழித்து முசோலினி அந்தக் கணக்கைத் தீர்க்க வந்தார். அந்தப் படையெடுப்பு இல்லாவிட்டால் மான்செஸ்டர் மாநாடே நடந்திருக்காது என்று சொல்லலாம்.

*

பான் ஆப்பிரிக்கக் கூட்டங்களின் தொடக்கம் 1900 ஜூலையில், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் நகர மண்டபத்தில். கூட்டியவர் ஹென்றி சில்வெஸ்டர் வில்லியம்ஸ், டிரினிடாடிலிருந்து வந்து லண்டனில் சட்டம் படித்தவர். மூன்று நாள் நடந்த அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் முப்பது பேரைக் கொஞ்சம் தாண்டும். ஆயர், வழக்கறிஞர், இசையமைப்பாளர், ஆசிரியர் என்று எல்லோரும் படித்தவர்கள். உலக நாடுகளுக்கு அவர்கள் விடுத்த வேண்டுகோளை எழுதியவர் அமெரிக்கப் பேராசிரியர் டு பாய்ஸ். இருபதாம் நூற்றாண்டின் பெரும் சிக்கல் நிறவேற்றுமையாகத்தான் இருக்கும் என்று அதில் அவர் கணித்தார். தென்னாப்பிரிக்காவில் கறுப்பினத் தொழிலாளர்களை அடைத்துவைக்கும் முறையையும், அவர்கள் நடமாட அனுமதிச்சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற முறையையும் எதிர்த்து விக்டோரியா மகாராணிக்கு மனு போனது. அவர்களுடைய நலன்களை அரசு கவனிக்கத் தவறாது என்று பணிவான பதில் வந்தது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்தது 1919 பிப்ரவரியில் பாரிஸில். மான்செஸ்டரை ஐந்தாவது என்று சொல்லும் கணக்கு இதிலிருந்துதான் தொடங்குகிறது. முதல் உலகப்போரில் வென்றவர்கள் உலகத்தைப் பங்கிட உட்கார்ந்திருந்த நேரம். டு பாய்ஸ் அங்கே ஒரு மாநாட்டைக் கூட்ட விரும்பினார். செனகல் மக்களின் பிரதிநிதியாகப் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் இருந்த பிளேஸ் டியான், பிரதமர் கிளமென்சோவிடம் பேசி அனுமதி வாங்கித் தந்தார். அமெரிக்க அரசோ தன் கறுப்பினக் குடிமக்களுக்குப் பாஸ்போர்ட் தர மறுத்தது. எப்படியோ 57 பேர் சேர்ந்தார்கள். என்ன கேட்டார்கள்? ஜெர்மனியிடமிருந்து பறித்த ஆப்பிரிக்கக் குடியேற்றங்களைச் சர்வதேச மேற்பார்வையில் வைக்க வேண்டும், நிலமும் வளமும் மக்களுக்காகப் பாதுகாக்கப்பட வேண்டும், மக்கள் முன்னேற முன்னேறத் தன்னாட்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தர வேண்டும். விடுதலை என்ற கோரிக்கை அதில் இல்லை. 1921, 1923, 1927 ஆண்டுகளிலும் மாநாடுகள் நடந்தன. 1927-ல் நியூயார்க் மாநாடு நடக்கக் காரணமாக இருந்தவர்கள் அங்கிருந்த கறுப்பினப் பெண்கள் அமைப்பினர். பிறகு பணமும் இல்லை, ஊக்கமும் இல்லை. பதினெட்டு ஆண்டு இடைவெளி விழுந்தது.

இதே காலத்தில் ஜமைக்காவின் மார்கஸ் கார்வி வேறு வழியில் போனார். அவர் மனுவோடு நின்றுவிடவில்லை, மக்களைத் திரட்டினார். 1920-ல் நியூயார்க் மேடிசன் சதுக்க அரங்கில் பல்லாயிரம் பேரைக் கூட்டினார். கறுப்பினத்தவருக்கென்று ஒரு கப்பல் நிறுவனம் தொடங்கி, சலவைத் தொழிலாளியிடமும் வீட்டு வேலைக்காரரிடமும் பங்கு விற்றார். கப்பல்கள் நஷ்டத்தில் ஓடின. அமெரிக்க அரசு மோசடி வழக்குப் போட்டுச் சிறையில் தள்ளி, 1927-ல் நாடுகடத்தியது. டு பாய்ஸும் கார்வியும் ஒருவரையொருவர் கடுமையாக வெறுத்தார்கள். ஒருவரிடம் சிந்தனை இருந்தது, மற்றவரிடம் கூட்டம் இருந்தது. இரண்டும் ஒன்றுசேர இன்னொரு தலைமுறை வர வேண்டியிருந்தது.

*

1935 அக்டோபர் 3 அன்று இத்தாலியப் படை எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தது. விமானத்திலிருந்து விஷவாயுவைத் தெளித்தது. சர்வதேச சங்கத்தால் அதைத் தடுக்க முடியவில்லை. ஹார்லெமிலும் டிரினிடாடிலும் அக்ராவிலும் மக்கள் கொதித்தார்கள். லண்டனில் இருந்த சில இளைஞர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். டிரினிடாடிலிருந்து வந்த எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸ், கென்யாவின் ஜோமோ கென்யாட்டா, மார்கஸ் கார்வியின் முதல் மனைவி ஏமி ஆஷ்வுட் கார்வி ஆகியோர் அதில் இருந்தார்கள். கார்னபி தெருவில் ஏமி நடத்திய உணவகம் அவர்கள் கூடிப் பேசும் இடமாக இருந்தது.

இவர்களை ஒரு அமைப்பாகக் கட்டியவர் ஜார்ஜ் பாட்மோர். டிரினிடாடில் பிறந்த இவரின் இயற்பெயர் மால்கம் நர்ஸ். மாஸ்கோவில் கம்யூனிஸ்ட் அகிலத்தின் கறுப்பினத் தொழிலாளர் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர். ஹிட்லர் வந்த பிறகு சோவியத் ஒன்றியம் பிரிட்டனோடும் பிரான்சோடும் நெருங்க விரும்பி, அவர்களின் குடியேற்ற ஆட்சிகளைப் பற்றிய எதிர்ப்புக் குரலைத் தணித்தது. பாட்மோர் அங்கிருந்து விலகினார். கட்சி அவரை வெளியேற்றியது. அதன்பின் இருபது ஆண்டு லண்டனில், பத்திரிகைகளுக்கு எழுதிக் கிடைத்த பணத்தில், ஒரு கண்டத்தின் விடுதலைக்கு வேலை பார்த்தார். அவருடைய துணைவி டோரதி பைசர் இல்லாமல் அந்த வீடும் ஓடியிருக்காது, அந்த வேலையும் நடந்திருக்காது.

1945 மே மாதம் அமெரிக்காவிலிருந்து கோல்ட் கோஸ்ட் (இன்றைய கானா) இளைஞர் ஒருவர் லண்டன் வந்து இறங்கினார். பெயர் குவாமே நிக்ரூமா. ஜேம்ஸ் கொடுத்த அறிமுகக் கடிதம் அவரிடம் இருந்தது. பாட்மோர் ரயில் நிலையத்துக்கே போய் அழைத்துவந்தார். அடுத்த சில மாதங்கள் பாட்மோர் வீட்டுச் சின்னச் சமையலறைதான் மாநாட்டு அலுவலகம். மேசை முழுவதும் காகிதம். தேநீர் போட்டுவைத்துவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் நினைவு வரும். பாட்மோர் தட்டச்சுப் பொறியில் அமர்ந்தால் கை ஓயாது. ஆப்பிரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் இருந்த தொழிற்சங்கங்களுக்கும் கட்சிகளுக்கும் கடிதங்கள் இந்தச் சமையலறையிலிருந்து போயின.

பாட்மோர் ஒன்றைச் சரியாகக் கணித்திருந்தார். அந்த ஆண்டு பிப்ரவரியில் லண்டனிலும் செப்டம்பர் இறுதியில் பாரிஸிலும் உலகத் தொழிற்சங்கங்களின் மாநாடுகள் நடந்தன. குடியேற்ற நாடுகளின் தொழிற்சங்கத் தலைவர்கள் அவற்றுக்கு வந்தார்கள். தனியாக மாநாடு கூட்டி அவர்களை வரவழைக்க யாரிடமும் காசு இல்லை. வந்தவர்களை அப்படியே மான்செஸ்டருக்குத் திருப்பிவிட்டால் போதும். வறுமையில் பிறந்த இந்த யோசனைதான் மாநாட்டின் முகத்தையே மாற்றியது. பேராசிரியர்களும் ஆயர்களும் கூடிய இடத்தில் இப்போது தொழிலாளர் பிரதிநிதிகள் வந்து உட்கார்ந்தார்கள்.

மான்செஸ்டரைத் தேர்ந்தெடுத்ததற்கு ராஸ் மகோனன் காரணம். பிரிட்டிஷ் கயானாவில் கிரிஃபித் என்ற பெயரோடு பிறந்து, எத்தியோப்பியப் போருக்குப் பின் எத்தியோப்பியப் பெயரைச் சூடிக்கொண்டவர். போர்க்காலத்தில் ஆக்ஸ்போர்டு சாலை வட்டாரத்தில் அவர் திறந்த உணவகங்கள் நன்றாக ஓடின. அந்த லாபம்தான் மாநாட்டுச் செலவுக்குப் பெரிய துணை. கயானாவிலிருந்து வந்து அதே நகரில் மருத்துவம் பார்த்த டாக்டர் பீட்டர் மில்லியார்டும் முன்னின்றார். அந்த நகரத்துக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு: மான்செஸ்டரின் செல்வத்தில் பெரும்பகுதி அமெரிக்க அடிமைகள் பறித்த பஞ்சிலிருந்து பிறந்தது.

*

முதல் நாள் தலைமை ஏற்றவர் ஏமி ஆஷ்வுட் கார்வி. முதல் அமர்வு எடுத்துக்கொண்டது ஆப்பிரிக்காவை அல்ல, பிரிட்டனை. கார்டிஃப், லிவர்பூல் துறைமுகங்களில் குடும்பத்தோடு வாழ்ந்த கறுப்பினக் கப்பல் தொழிலாளர்களுக்கு வேலை மறுக்கப்படுவது, அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளை நிறம் பார்த்து ஒதுக்குவது, போலீஸ் தொல்லை என்று ஒவ்வொருவரும் எழுந்து சொன்னார்கள். மான்செஸ்டரில் பிறந்த குத்துச்சண்டை வீரர் லென் ஜான்சனும் அந்த மண்டபத்தில் இருந்தார். எத்தனையோ பேரை வீழ்த்திய அவருக்கு, கறுப்பினத்தவர் என்பதற்காகவே பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்துக்கு மோத வாய்ப்பு தரப்படவில்லை.

அடுத்த நாட்களில் மேற்கு ஆப்பிரிக்கா, கிழக்கு ஆப்பிரிக்கா, தென்னாப்பிரிக்கா, கரீபியத் தீவுகள் என்று பேச்சு விரிந்தது. கோல்ட் கோஸ்ட் கோகோ விவசாயிகளுக்காக ஆஷி நிகோய் வந்திருந்தார். அவர்களுடைய அனுபவம் எல்லோரும் கேட்க வேண்டியது. 1937-ல் ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக் கோகோவின் விலையை அமுக்கின. விவசாயிகள் விற்க மறுத்தார்கள். மாதக்கணக்கில் கோகோ தேங்கிக் கிடந்தது. அவர்கள் வெளிநாட்டுச் சாமான்களையும் வாங்கவில்லை. கடைசியில் லண்டன் அரசு விசாரணைக் குழு அனுப்ப வேண்டியதாயிற்று. நைஜீரியாவிலோ 1945 ஜூன் மாதம் ரயில்வேயும் தந்தித் துறையும் உட்பட அரசுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். போர்க்காலத்தில் விலை ஏறியது, கூலி ஏறவில்லை. நாற்பது நாளுக்கு மேல் அவர்கள் தளரவில்லை. மான்செஸ்டருக்கு வந்தவர்கள் இந்தப் போராட்டங்களின் சூட்டோடு வந்தார்கள். கூலிக்காரனும் விவசாயியும் கையை மடக்கிக்கொண்டால் பேரரசு திணறும் என்பதைத் தங்கள் ஊரிலேயே பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

போரும் ஒரு பாடம் கற்பித்திருந்தது. எல்லா மக்களுக்கும் தங்கள் அரசைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்று 1941-ல் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் அட்லாண்டிக் சாசனத்தில் அறிவித்தார்கள். ஒரே மாதத்தில் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் எழுந்து, அது நாஜிகளிடம் சிக்கிய ஐரோப்பிய நாடுகளை மனதில் வைத்துச் சொன்னது என்று விளக்கம் கொடுத்தார். இந்தியர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் அது பொருந்தாதாம். ஆனால் போர்க்களத்தில் மட்டும் அவர்கள் தேவைப்பட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் 81, 82-வது டிவிஷன்கள் பர்மாவில் போரிட்டன. கிழக்கு ஆப்பிரிக்காவின் 11-வது டிவிஷன் இலங்கையில் பயிற்சி பெற்று பர்மாவுக்குப் போனது.

மாநாட்டின் மதிப்புக்குரிய முதியவர் டு பாய்ஸ். 77 வயதில் அமெரிக்காவிலிருந்து வந்து தலைவர் நாற்காலியில் அமர்ந்தார். 1900-லும் 1919-லும் மனு எழுதிய கை அவருடையது. இப்போது அவர் முன்னால் பேசியவர்கள் மனுவைப் பற்றிப் பேசவில்லை. அவர்களைத் தடுக்காமல், அந்த மாற்றத்துக்குத் தலைமை தாங்கியது அவருடைய பெருமை.

தீர்மானங்களில் இரண்டு முக்கியமானவை. குடியேற்ற வல்லரசுகளுக்கு விடுத்த அறிக்கை, ஆப்பிரிக்காவுக்கு விடுதலை வேண்டும் என்று நேராகக் கேட்டது. பலத்தால்தான் ஆள்வோம் என்று மேலை நாடுகள் பிடிவாதம் பிடித்தால், கடைசி வழியாக ஆப்பிரிக்கர்களும் பலத்தைக் கையில் எடுக்க நேரிடும் என்றும் எச்சரித்தது. இன்னொன்று குடியேற்ற நாடுகளின் தொழிலாளர்கள், விவசாயிகள், படித்தவர்களுக்கு விடுத்த அழைப்பு. அதை எழுதியவர் நிக்ரூமா. வேலைநிறுத்தமும் புறக்கணிப்பும்தான் நம் ஆயுதம், அமைப்பாகத் திரளுங்கள் என்பது அதன் சாரம். 1919 பாரிஸ் தீர்மானத்தையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் இருபத்தாறு ஆண்டில் எவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள் என்பது தெரியும்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஏறக்குறைய தொண்ணூறு பிரதிநிதிகளில் மேடையேறிப் பேசியதாகப் பதிவான பெண்கள் இருவர்தான்: ஏமி ஆஷ்வுட் கார்வி, ஜமைக்காவின் ஆல்மா லா படி. கறுப்பின மக்களைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம், கறுப்பினப் பெண்ணைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம் என்று அந்த மாநாட்டிலேயே ஏமி முறையிட்டார். எந்த உணவகத்தில் இந்த இயக்கம் வளர்ந்ததோ அந்த உணவகத்தை நடத்தியவரே அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த முறையீட்டுக்கு மாநாடு தகுந்த பதில் சொல்லவில்லை என்பதுதான் உண்மை.

*

பிரிட்டிஷ் நாளிதழ்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ‘பிக்சர் போஸ்ட்’ வார இதழ் மட்டும் நிருபரையும் புகைப்படக்காரரையும் அனுப்பி நவம்பரில் படங்களோடு கட்டுரை வெளியிட்டது. அந்தப் படங்கள் இல்லையென்றால் மண்டபத்துக்குள் இருந்த முகங்கள் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

கென்யாட்டா 1946-ல் ஊர் திரும்பினார். போர் ஆண்டுகளில் சசெக்ஸ் பண்ணையில் கூலி வேலை பார்த்தவர் அவர். நிக்ரூமா 1947 டிசம்பரில் கோல்ட் கோஸ்ட் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஜனவரியிலேயே அங்கே இறக்குமதிச் சாமான் புறக்கணிப்பு தொடங்கியது. அதைத் தொடங்கியவர் அக்ராவின் குலத் தலைவர் நீ குவாபேனா பொன்னே. மான்செஸ்டர் சொன்ன ஆயுதம் அது, ஆனால் மான்செஸ்டரின் உத்தரவுக்கு அங்கே யாரும் காத்திருக்கவில்லை. பிப்ரவரி 28 அன்று ஓய்வூதியம் கேட்டு முன்னாள் படைவீரர்கள் கவர்னர் மாளிகைக்கு ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டது. மூன்று பேர் இறந்தார்கள்: சார்ஜன்ட் அட்ஜேட்டே, கார்ப்பரல் அட்டிப்போ, சிப்பாய் ஒடார்ட்டே லாம்ப்டே. பேரரசுக்காகப் போர்முனைக்குப் போய்த் திரும்பியவர்களை அதே பேரரசு தலைநகர்த் தெருவில் சுட்டுக் கொன்றது. நகரம் பற்றியெரிந்தது.

1950 ஜனவரியில் நிக்ரூமா பொது வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தார். காந்தியின் ஒத்துழையாமையிலிருந்து கற்ற வழி என்று அவரே சொன்னார். சிறையில் போட்டார்கள். 1951 பிப்ரவரித் தேர்தலில் சிறையிலிருந்தபடியே போட்டியிட்டு, பதிவான 23,122 வாக்குகளில் 22,780 வாங்கினார். கவர்னர் அவரை விடுவித்து அரசமைக்க அழைக்க வேண்டியதாயிற்று. 1957 மார்ச் 6-ல் கோல்ட் கோஸ்ட், கானா என்ற பெயரில் விடுதலை பெற்றது. பாட்மோர் அக்ராவுக்கே போய் ஆலோசகராக இருந்து, 1959-ல் காலமானார். டு பாய்ஸால் அந்த விடுதலை விழாவுக்குப் போக முடியவில்லை, அமெரிக்க அரசு அவரது பாஸ்போர்ட்டை முடக்கிவைத்திருந்தது. 1961-ல் கானாவுக்கே குடிபெயர்ந்து, அந்நாட்டுக் குடிமகனாக 1963 ஆகஸ்டில் 95 வயதில் இறந்தார். மறுநாள்தான் மார்ட்டின் லூதர் கிங் பேசிய வாஷிங்டன் பேரணி.

கென்யாட்டா ஏழாண்டுச் சிறைத் தண்டனை பெற்று, காவலில் வருடங்களைக் கழித்து, 1963-ல் கென்யாவின் பிரதமரானார். இவர்களுடைய ஆட்சியில் எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுதினால் அது பொய். 1958-லேயே விசாரணையில்லாமல் சிறைவைக்கும் சட்டத்தை நிக்ரூமா கொண்டுவந்தார். 1948-ல் அவரோடு சேர்ந்து கைதான ஜே.பி. டான்குவா, 1965-ல் நிக்ரூமாவின் சிறையிலேயே உயிரிழந்தார். அடுத்த ஆண்டு ராணுவம் நிக்ரூமாவைக் கவிழ்த்தது. பேரரசின் சிறையில் இருந்தவர் தன் தோழரைச் சிறையில் சாக விட்டது மன்னிக்கக்கூடியது அல்ல. ஆனால் இந்தத் தவறுகளைக் காட்டி 1945-ஐச் சிறுமைப்படுத்தவும் முடியாது. விடுதலை கேட்டது மண்டபத்தில் இருந்த தலைவர்கள் மட்டும் அல்ல. அவர்களுக்கு அந்தத் துணிவைக் கொடுத்தவர்கள் கோகோ விற்க மறுத்த விவசாயிகளும், கூலிக்காக நாற்பது நாளுக்கு மேல் வேலையை நிறுத்திய ரயில்வே தொழிலாளர்களும்.

மாநாடு அக்டோபர் 21 அன்று முடிந்தது. மூன்று நாள் கழித்து, அக்டோபர் 24-ல், ஐக்கிய நாடுகள் சபையின் சாசனம் நடைமுறைக்கு வந்தது. அதன் 51 தொடக்க உறுப்பினர்களில் ஆப்பிரிக்க நாடுகள் நான்கே: எகிப்து, எத்தியோப்பியா, லைபீரியா, வெள்ளையர் ஆண்ட தென்னாப்பிரிக்கா. 1960 என்ற ஒரே ஆண்டில் மட்டும் 17 ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை அடைந்தன. வகுப்பறையில் அக்டோபர் 24-ஐச் சொல்லித்தரும் வரலாற்று ஆசிரியர்கள், அதற்கு மூன்று நாள் முன்பு மான்செஸ்டரில் கலைந்த கூட்டத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சொல்லும்போது ஏமி ஆஷ்வுட் கார்வியின் பெயரை விட்டுவிடாமல் சொல்ல வேண்டும்.